பங்குச் சந்தையில் கை பழகுவது எப்படி: சுங்கை சிப்புட்டில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் ஈப்போவில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். இப்போது சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே என் சொந்தக் காசில் வாங்கி விற்கிறேன். எல்பில், டோவன்பி தோட்டங்களில் வளர்ந்து இன்று தாமான் வீடுகளில் குடியிருப்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவர்கள், ஓய்வு பெற்ற கிராணிமார் என்று பலர் சந்தேகம் கேட்க வருகிறார்கள். வருகிற எல்லோரும் முதலில் கேட்பது "எது ஏறும்?" என்றுதான். சில வருடம் தாக்குப்பிடித்தவர்கள் மட்டும் "ஏறாவிட்டால் எனக்கு எவ்வளவு போகும்?" என்று கேட்கத் தொடங்குகிறார்கள். முதல் கேள்வியிலிருந்து இரண்டாவதுக்கு ஒருவர் எப்படி வந்து சேர்கிறார் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். வெள்ளி என்றால் ரிங்கிட் என்று வெளியூர்க்காரர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, டிரேடிங்கும் இன்வெஸ்ட்மெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. ஒரு கம்பெனியின் பங்கை வாங்கி, அது தரும் லாபப் பங்கான டிவிடெண்டுக்காகவும் பல வருட வளர்ச்சிக்காகவும் வைத்திருப்பது முதலீடு. விலை ஏறி இறங்கும்போது வாங்கி விற்று வித்தியாசத்தை எடுப்பது டிரேடிங். நான் இங்கே பேசுவது டிரேடிங்கைப் பற்றி.

இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான். தரகரிடம் ஒரு கணக்கும், வாங்கிய பங்குகள் பதிவாகி இருக்கும் சிடிஎஸ் கணக்கும் வேண்டும். நம் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் காலை 9 முதல் 12.30 வரை, மதியம் 2.30 முதல் மாலை 5 வரை வியாபாரம். பங்குகள் நூறு நூறாகக் கைமாறும். விற்ற காசு இரண்டு வேலை நாள் கழித்து வரும்; 2019 ஏப்ரல் வரைக்கும் அது மூன்று நாளாக இருந்தது. இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். டிரேடிங் என்று வாங்கிய பங்கு இறங்கியதும், "சரி, இதை இன்வெஸ்ட்மெண்டா வெச்சுக்கலாம்" என்று பெயர் மாற்றாதீர்கள். என்னிடம் வந்த பெரிய நஷ்டங்களில் பாதி இப்படிப் பெயர் மாற்றியதில் தொடங்கியவை.

எவ்வளவு காசு இருந்தா ஆரம்பிக்கலாம்?

ஐம்பது காசுப் பங்கில் நூறு யூனிட் என்றால் ஐம்பது வெள்ளியிலேயே வாங்கிவிடலாம். ஆனால் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இணையம் வழி வாங்கினால் குறைந்தபட்சக் கமிஷன் எட்டு வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதோடு ஆயிரம் வெள்ளிக்கு ஒரு வெள்ளி முத்திரை வரி, 0.03 விழுக்காடு கிளியரிங் கட்டணம். ஆயிரம் வெள்ளிக்கு வாங்கினால் 9.30 வெள்ளி. விற்கும்போதும் ஏறக்குறைய அதே அளவு. ஆக, விலை 1.9 விழுக்காடு ஏறினால்தான் நீங்கள் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். சின்னத் தொகையில் அடிக்கடி வாங்கி விற்பவரின் காசு தரகருக்குத்தான் போகும்.

தொகையைவிட அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். கூட்டு (சீட்டு) கட்டி எடுத்த காசு, வட்டிக்கு விடும் அலோங்கிடம் வாங்கிய காசு, பிள்ளையின் படிப்புக் காசு எதுவும் ஆகாது. 2024 மே மாதம் ஊழியர் சேமநிதியில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு வந்ததிலிருந்து அதை எடுத்துப் போடலாமா என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். வேண்டாம். அந்தக் கணக்கும் மற்ற இரண்டு கணக்குகளைப் போலவே டிவிடெண்ட் சம்பாதித்துக்கொண்டுதான் இருக்கிறது. முழுக்கப் போனாலும் வீட்டில் அடுப்பு எரிவதற்குக் குறை வராத காசு எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவில் ஆரம்பியுங்கள். அது ஐந்நூறு வெள்ளியாக இருந்தாலும் கற்றுக்கொள்ள அது போதும், சம்பாதிக்கப் போதாது.

சும்மா சொல்லுங்க, இதுவும் நாலு நம்பர் எடுக்கிற மாதிரிதானே லா?

நாலு நம்பர் என்பது நான்கு இலக்க எண்ணில் காசு கட்டும் லாட்டரி; அதன் கணக்கை முதலில் பார்ப்போம். மொத்தம் 10,000 எண்கள். "சின்னது" என்ற வகையில் ஒரு வெள்ளி கட்டினால் முதல் பரிசு 3,500, இரண்டாவது 2,000, மூன்றாவது 1,000. பத்தாயிரம் எண்ணையும் ஒருவரே கட்டினால் 10,000 வெள்ளி போட்டு 6,500 வெள்ளி திரும்ப எடுப்பார். அதாவது கட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கும் 35 காசு நிச்சயமாகப் போகிறது. கனவில் வந்த எண்ணானாலும் சரி, விபத்தில் நொறுங்கிய காரின் எண்ணானாலும் சரி, இந்தக் கணக்கு மாறாது. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் மாறாது.

பங்குச் சந்தையில் அந்த 35 காசை யாரும் முன்கூட்டியே எடுத்து வைப்பதில்லை. எப்போது வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எப்போது விடுவது மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன. அதனால்தான் இதில் அனுபவத்துக்கு வேலை இருக்கிறது. ஆனால் யாரோ சொன்னார்கள் என்று வாங்கி, இறங்கினால் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

தோட்டத்து ஆளுங்க நமக்கு இதெல்லாம் ஒத்து வருமா? அதுக்குப் பொறவித் திறமை வேணாமா?

தோட்டத்து ஆளுக்குப் பங்கு புதிதில்லை. பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், நம் ஊர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டி அதில் பங்குதாரர் ஆனவர்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள்தான். கூட்டுக்காசில் தோட்டமே வாங்கிக் காட்டினார்கள்.

பிறவித் திறமை பற்றி 1983-இல் சிகாகோவில் ஒரு பந்தயமே நடந்தது. ரிச்சர்ட் டென்னிஸ், வில்லியம் எக்கார்ட் என்ற இரண்டு பெரிய வியாபாரிகள். சொல்லிக் கொடுத்து வரவைக்க முடியும் என்றார் முதலாமவர், முடியாது என்றார் மற்றவர். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்து, இரண்டே வாரம் விதிகளைச் சொல்லிக் கொடுத்துக் காசையும் கொடுத்தார்கள். பலர் நன்றாகச் சம்பாதித்தார்கள். ஆனால் அதே விதி கையில் இருந்தும் சிலரால் அதைப் பின்பற்ற முடியாமல் போனது. விதியைக் கற்பிக்க இரண்டு வாரம் போதும் என்பது அதில் தெரிந்தது. நஷ்டம் வரிசையாக வரும் மாதத்திலும் அதே விதிப்படி நடப்பதற்குத்தான் வருடக்கணக்கில் பழக்கம் வேண்டும்.

ஒரு ஆள் தேறி வர எத்தனை வருஷம் ஆகும்?

வருடத்தை எண்ணிச் சொல்ல மாட்டேன். சந்தை ஏறி, விழுந்து, பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காமல் கிடக்கும் காலம் வரும். இந்த மூன்றையும் சொந்தக் காசோடு ஒரு முறையாவது கடந்திருக்க வேண்டும். ஏறுமுகத்தில் மட்டும் மூன்று வருடம் இருந்தவர் இன்னும் தொடங்கவே இல்லை என்றுதான் சொல்வேன்.

நான் பார்த்தவரை பாதை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகிறது. முதலில் யாரிடமாவது பேர் கேட்டு வாங்கும் காலம். அதில் அடிபட்டதும், எல்லாம் விலை வரைபடமான சார்ட்டில் இருக்கிறது என்று நம்பி, திரை முழுக்கக் கோடு போட்டு, விலைப் போக்கைக் காட்டும் ஒன்பது இண்டிகேட்டரை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் காலம் வரும். பிறகு மாதத்துக்கு ஒரு முறை புது முறைக்குத் தாவுவார்கள். இந்த இடத்தில்தான் அதிகம் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள். விடாதவர்களுக்கு ஒரு நாள் உறைக்கும்: முறை எதுவாக இருந்தாலும், பெரிய நஷ்டம் வந்ததெல்லாம் அளவுக்கு மீறி வாங்கிய நாட்களில்தான் என்று. அதற்குப் பிறகு அவர்கள் பேச்சில் கம்பெனிப் பெயர் குறைந்துவிடும், அளவைப் பற்றிய பேச்சு கூடும்.

என் அம்மா பால் வெட்டியவர். புதிதாகக் கத்தி பிடிப்பவர் பால் நிறைய வரும் என்று பட்டையை ஆழமாக வெட்டுவார் என்று சொல்வார். கத்தி மரத்தில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது, முண்டு கட்டிவிடும். அடுத்த சுற்றில் அங்கே வெட்ட முடியாது. இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம் அது, சொல்லிக் கொடுத்து வராது, கைக்குத்தான் தெரிய வேண்டும். காசை முதலாகப் போடுவதிலும் அதே பயம் கைக்கு வர வேண்டும்.

நஷ்டத்துல இருக்கிறப்போ விக்க மனசே வர மாட்டேங்குது. ஏறினா மட்டும் உடனே வித்துடறேன். எனக்கு மட்டும்தானா இப்படி?

உலகத்துக்கே இப்படித்தான். டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் எழுதிய ஆய்வில், நூறு வெள்ளி கிடைக்கும் சந்தோஷத்தைவிட நூறு வெள்ளி போகும் வலி பெரிது என்று காட்டினார்கள். 1998-இல் டெரன்ஸ் ஓடீன் அமெரிக்காவில் ஒரு தரகரின் 10,000 கணக்குகளை எடுத்துப் பார்த்தார். மக்கள் லாபத்தில் இருந்ததை விற்றார்கள், நஷ்டத்தில் இருந்ததை வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஒரு வருடத்தில் விற்றவை, வைத்துக்கொண்டவற்றைவிட நன்றாக ஏறின.

நம் ஊர்க் கதை கையுறைக் கம்பெனிகளின் பங்குகள். 2020-இல் கோவிட் வந்ததும் டாப் கிளவ் பங்கு ஒன்பது வெள்ளியைத் தாண்டியது. ஏழு வெள்ளிக்கு வாங்கியவர் ஐந்துக்கு வந்ததும் "திரும்ப ஏழு வரட்டும், வித்துடறேன்" என்றார். மூன்றுக்கு வந்ததும் அதையே சொன்னார். 2022-இல் ஒரு வெள்ளிக்கும் கீழே போனது. ஏழு ஒன்றாகிவிட்டால், பழையபடி ஏழைத் தொட அது ஏழு மடங்காக வேண்டும். பாதி போனதை மீட்கவே இரண்டு மடங்கு வேண்டும். பத்து விழுக்காடு போனதை மீட்க 11 விழுக்காடு போதும். நஷ்டத்தைச் சின்னதிலேயே வெட்டச் சொல்வது இந்தக் கணக்குக்காகத்தான்.

மனசை மாற்ற முயற்சி பண்ணாதீர்கள், அது மாறாது. இத்தனை வருடம் கழித்தும் நஷ்டத்தில் விற்பது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. வாங்குவதற்கு முன்னால், மனசு அமைதியாக இருக்கும்போதே, எந்த விலையில் விடுவேன் என்று எழுதிவிடுங்கள். வலி வந்த பிறகு முடிவெடுக்கத் தேவை இருக்காது. எழுதியதைச் செய்தால் போதும்.

சரி, ஸ்டாப் லாஸ் போடறேன். ஆனா சரியா அதைத் தொட்டுட்டு மேல ஏறிடுது. யாரோ என்னைப் பார்த்துக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு.

யாரும் பார்க்கவில்லை தம்பி. இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடுவது என்று முன்பே வைக்கும் ஸ்டாப் லாஸை நீங்கள் மிகப் பக்கத்தில் வைக்கிறீர்கள். நம் சந்தையில் ஒரு வெள்ளிக்குக் கீழான பங்கு அரைக் காசு அரைக் காசாக நகரும். இருபது காசுப் பங்கில் ஒரு காசு தள்ளி ஸ்டாப் வைத்தால், இரண்டே படிதான் இடைவெளி. யாரோ ஒருவர் சும்மா விற்றாலே தொட்டுவிடும். அந்தப் பங்கு சாதாரணமாக ஒரு நாளில் எவ்வளவு ஆடுகிறது என்று கடந்த இரண்டு மூன்று வாரத்தைப் பாருங்கள். அந்த ஆட்டத்துக்கு வெளியே வையுங்கள்.

ஸ்டாப் எழுதிவிட்டால் அந்த விலையில் கட்டாயம் விற்கும் என்றும் நினைக்க வேண்டாம். வாங்க ஆள் குறைவாக இருக்கும் பங்கு, இரவோடு இரவாகக் கெட்ட செய்தி வந்தால், மறுநாள் உங்கள் விலையைத் தாண்டிக் கீழேயே திறக்கும். ஒரு வெள்ளியும் அதற்கு மேலும் உள்ள பங்கு ஒரே நாளில் 30 விழுக்காடு வரை விழ விதி இடம் கொடுக்கிறது. அதற்கான பாதுகாப்பு அடுத்த பதிலில் இருக்கிறது.

அப்போ எத்தனை யூனிட் வாங்கறதுன்னு எப்படி முடிவு பண்றது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

உங்கள் மொத்த முதல் 10,000 வெள்ளி. ஒரு வியாபாரத்தில் அதிகபட்சம் ஒரு விழுக்காடு, அதாவது 100 வெள்ளி இழக்கச் சம்மதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு 1.20-இல் இருக்கிறது. அதன் ஆட்டத்தைப் பார்த்து, 1.12-க்கு வந்தால் விட்டுவிடுவது என்று முடிவு செய்கிறீர்கள். யூனிட்டுக்கு எட்டுக் காசு. நூறு வெள்ளியை எட்டுக் காசால் வகுத்தால் 1,250. நூறு நூறாகத்தான் வாங்க முடியும் என்பதால் 1,200 யூனிட். அதற்கு 1,440 வெள்ளி ஆகும். மிச்சம் எட்டாயிரத்துச் சொச்சம் சும்மா இருக்கட்டும்.

"பத்தாயிரம் வெச்சுக்கிட்டு ஆயிரத்து நானூறுக்கு வாங்கவா வந்தேன்?" என்று உடனே கேட்பார்கள். புதிதாக வந்தவரையும் பழகியவரையும் நான் பிரித்துப் பார்ப்பது இந்த இடத்தில்தான். புதியவர் காசு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு வாங்குகிறார். பழகியவர் எவ்வளவு இழக்கலாம் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வருகிறார். இந்த அளவில் வரிசையாகப் பத்து முறை தோற்றாலும் போவது ஏறக்குறைய பத்து விழுக்காடுதான், கமிஷன் தனி. அதற்குள் அவர் பத்துப் பாடம் படித்திருப்பார், விளையாட முதலும் கையில் இருக்கும்.

நோட்டுல எழுதுன்னு சொல்றீங்க. என்னத்தை எழுதறது?

லாரி ஓட்டும் தம்பி ஒருவர் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் ஒற்றைக் கோடு நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறை வாங்குவதற்கு முன்பும் ஐந்து வரி: தேதியும் நேரமும், ஏன் வாங்குகிறேன், எந்த விலைக்கு வந்தால் விடுவேன், எத்தனை யூனிட், இப்போது மனசு எப்படி இருக்கிறது. விற்ற பிறகு இன்னும் ஒரு வரி: எழுதியபடி செய்தேனா, இல்லையா. ஒரு பக்கத்தில் மனசு பற்றிய வரியில் "மத்தியானம் 3.10, விட்டா போயிடும்னு இருக்கு" என்று எழுதியிருந்தார்.

சில மாதம் கழித்து நோட்டைக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் நஷ்டங்களை மட்டும் வட்டம் போட்டோம். காலையில் ஒன்றை நஷ்டத்தில் விற்ற அன்றே மதியம் வாங்கியவை அநேகமாக எல்லாமே வட்டத்துக்குள் வந்தன. போன காசை அன்றைக்கே பிடித்துவிட வேண்டும் என்ற வேகம். அவர் எந்தப் புத்தகமும் படிக்கவில்லை, எந்த இண்டிகேட்டரும் மாற்றவில்லை. நஷ்டத்தில் விற்ற நாளில் மறுபடி வாங்குவதில்லை என்று அட்டையில் எழுதி ஒட்டினார். அவ்வளவுதான். அவருக்கு இருந்த ஓட்டை அது. உங்களுக்கு வேறாக இருக்கும். உங்கள் நோட்டில் மட்டும்தான் அது தெரியும்.

நான் ஷிப்ட் வேலை. நாள் முழுக்க விலையைப் பார்க்க முடியாது. நமக்கு இது சரிப்படாதோ?

பார்க்காமல் இருப்பது நல்லதுதான். சந்தை மூடிய பிறகு அன்றைய விலைகளைப் பாருங்கள், முடிவை எழுதுங்கள், மறுநாள் காலை 9 மணிக்கு முன் ஆர்டர் போடுங்கள். விலை எட்டினால் தகவல் தரும் வசதியும், சில தரகர்களின் செயலியில் ஸ்டாப் ஆர்டரும் இருக்கின்றன. நிமிடத்துக்கு நிமிடம் பார்ப்பவர் அதிகம் வாங்கி விற்பார், கமிஷனும் அதிகம் கட்டுவார்.

செம்பனை விலை நமக்குத்தான் நல்லாத் தெரியுமே. பங்கை விட்டுட்டு செம்பனை எண்ணெய் ஃபியூச்சர்ஸ் எடுத்தா என்ன?

இந்த ஊரில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. குலை விலை டன்னுக்கு எவ்வளவு என்று கோயில் திருவிழாவில்கூடப் பேசிக்கொள்கிறோம். கச்சாச் செம்பனை எண்ணெய் ஃபியூச்சர்ஸ், அதாவது பின்னொரு நாளில் கொடுக்க வாங்க இன்றே விலை பேசும் ஒப்பந்தம், 1980-லிருந்து கோலாலம்பூரில் நடக்கிறது, உலகமே விலைக்கு அதைத்தான் பார்க்கிறது. ஒரு ஒப்பந்தம் 25 டன். விலை ஒரு வெள்ளி நகர்ந்தால் உங்களுக்கு 25 வெள்ளி. ஒரே நாளில் நூறு வெள்ளி நகர்வது அதிசயம் இல்லை. அது 2,500 வெள்ளி. டன் 4,000 வெள்ளி என்றால் ஒப்பந்தத்தின் மதிப்பு ஒரு லட்சம். நீங்கள் கட்டுவது அதில் ஒரு சிறு பங்கான மார்ஜின் என்ற முன்பணம் மட்டும். அது கரைந்தால் தரகர் மேலும் கட்டச் சொல்வார், கட்டாவிட்டால் மூடிவிடுவார். மேலே போட்ட ஒரு விழுக்காட்டுக் கணக்கை இதற்குப் போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் முதல் உள்ளவர் நாலு வெள்ளி நகர்வைத்தான் தாங்க முடியும். அது சில நிமிட ஆட்டம்.

"நமக்குத் தெரியும்" என்பதற்கு வருகிறேன். 2022-இல் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வராமல், குலை வெட்ட ஆள் இல்லாமல் பழம் மரத்திலேயே அழுகியதைக் கண்ணால் பார்த்தோம். உக்ரைன் போரில் சூரியகாந்தி எண்ணெய் வரத்தும் நின்றது. மார்ச்சில் விலை 7,000 வெள்ளியைத் தாண்டியது. ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா ஏற்றுமதிக்கே தடை போட்டது. இனி ஏறத்தான் செய்யும் என்று இங்கே பேசாத ஆள் இல்லை. மே 23 அன்று தடையை எடுத்தார்கள். ஜூலை நடுவில் விலை 4,000-க்குக் கீழே வந்துவிட்டது. அப்போதும் இங்கே வெட்ட ஆள் இல்லை, பழம் அழுகிக்கொண்டுதான் இருந்தது. நமக்குத் தெரிந்தது உண்மைதான். ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்து, விலையில் ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தது. ஜக்கார்த்தாவின் முடிவு, சோயா எண்ணெய் விலை, இந்தியாவின் இறக்குமதி வரி, ரிங்கிட்டின் மதிப்பு எதுவும் காலையில் தோட்டத்து ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் நின்று பார்த்தால் தெரியாது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் மாதாமாதம் 10-ஆம் தேதி வாக்கில் கையிருப்புக் கணக்கை வெளியிடும். ஒரு வருடம் சும்மா இருந்து, அந்த நாட்களில் நீங்கள் நினைத்தபடி விலை போகிறதா என்று நோட்டில் குறித்துப் பாருங்கள். காசு போடாமலே நல்ல படிப்பு அது.

ஆறு மாசமா எடுத்ததெல்லாம் லாபம். இப்போ எனக்கு வந்துடுச்சுன்னு சொல்லலாமா?

முதலில், அந்த ஆறு மாதத்தில் சந்தை மொத்தமும் என்ன செய்தது என்று பாருங்கள். 1993-இல் நான் வேலைக்குப் புதிது. அந்த ஒரே வருடத்தில் கோலாலம்பூர் குறியீடு 644-லிருந்து 1,275-க்கு ஏறியது. ஈப்போ அலுவலகக் கூடத்தில் உட்கார இடம் இருக்காது. விலைப் பலகையைப் பார்த்தபடியே கையில் ஆர்டர் சீட்டோடு நிற்பார்கள். எல்லோரும் கெட்டிக்காரர்கள். 1998 செப்டம்பர் 1 அன்று அதே குறியீடு 262-இல் நின்றது. கூடத்தில் நாற்காலிகள் காலி. 2020-இல் கைப்பேசியோடு வந்த புதுத் தலைமுறைக்கும் இதேதான் நடந்தது.

தொடர் லாபத்தின் ஆபத்து அடுத்து வருவதில் இருக்கிறது: அளவு பெரிதாகும், அடிக்கடி வாங்கத் தோன்றும். பிராட் பார்பரும் மேலே சொன்ன ஓடீனும் 1991 முதல் 1996 வரை 66,465 அமெரிக்கக் குடும்பங்களின் கணக்கைப் பார்த்தார்கள். சந்தை வருடத்துக்கு 17.9 விழுக்காடு கொடுத்த காலம் அது. மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4. லாபம் வந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை எழுதியபடி விற்றீர்கள் என்று நோட்டைப் பாருங்கள். எழுதியதை மீறி லாபம் வந்திருந்தால், நான் அதை நஷ்டத்தைவிடக் கெட்டதாகத்தான் பார்ப்பேன். தப்பான பழக்கத்துக்குக் கிடைத்த பரிசு அது.

வேலையை விட்டுட்டு முழு நேரமா இறங்கலாமா, ஆண்ட்டி?

வீட்டுச் செலவு மாதம் 3,000 வெள்ளி, முதல் 50,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஆறு விழுக்காடு எடுக்க வேண்டும், ஒரு மாதமும் தவறாமல். ஊழியர் சேமநிதி 2024-க்குக் கொடுத்த டிவிடெண்ட் 6.3 விழுக்காடு, அது வருடம் முழுமைக்கும். எத்தனையோ நிபுணர்களை வைத்திருக்கும் நிறுவனம் வருடத்துக்கு எடுப்பதை நீங்கள் மாதாமாதம் எடுக்க வேண்டியிருக்கும்.

பிரேசிலில் தினசரி ஃபியூச்சர்ஸ் வியாபாரத்தில் இறங்கி 300 நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தவர்களை ஆராய்ந்தார்கள். 97 விழுக்காட்டினர் நஷ்டம். விடாமல் செய்தால் வந்துவிடும் என்ற ஆறுதலை அந்தக் கணக்கு தரவில்லை. தவிர, சம்பளம் நின்றால் சேமநிதிக்கு முதலாளி கட்டும் பங்கும் தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவும் நின்றுவிடும். இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. மாதக் கடைசியில் வீட்டுத் தவணைக்குக் காசு தேவைப்படும் ஆள், வாங்கக் கூடாத நாளிலும் வாங்குவார். நல்ல வாய்ப்பு இல்லாத மாதத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடிவதே ஒரு திறமை. சம்பளம்தான் அந்தப் பொறுமையை உங்களுக்கு வாங்கித் தருகிறது. வேலையை விடாதீர்கள்.

டெலிகிராம் குரூப்புல காசு கட்டினா சிக்னல் தர்றாங்க. கத்துக்கிற வரைக்கும் அதைப் பின்பற்றினா என்ன?

மலேசியாவில் காசு வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்ல, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செக்யூரிட்டீஸ் கமிஷனின் உரிமம் வேண்டும். அவர்கள் இணையத்தளத்தில் உரிமம் உள்ளவர்களைத் தேடிப் பார்க்கலாம்; எச்சரிக்கைப் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. "கேரண்டி" என்ற வார்த்தை வந்தாலே வெளியே வந்துவிடுங்கள். அப்புறம், பின்பற்றிக்கொண்டே கற்பது நடக்காத காரியம். லாபம் வந்தாலும் ஏன் என்று தெரியாது, நஷ்டம் வந்தாலும் ஏன் என்று தெரியாது. நோட்டில் எழுத ஒன்றும் இருக்காது.

வீட்டுல சொல்லாமத்தான் செய்யறேன். லாபம் வந்ததும் சொல்லிக்கலாம்னு...

இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மறைத்துச் செய்பவருக்கு நஷ்டத்தில் விற்பது இரண்டு மடங்கு கஷ்டம், ஏனென்றால் விற்றால் அது உண்மையாகிவிடும், வீட்டுக்கும் தெரிந்துவிடும். அதனாலேயே பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். எவ்வளவு முதல், எவ்வளவு போனால் நிறுத்திவிடுவேன் என்ற இரண்டு எண்களை மட்டும் மனைவியிடமோ கணவரிடமோ சொல்லுங்கள். அந்த இரண்டாவது எண்ணை வெளியே சொல்லிவிட்டால் அதை மாற்றுவது கடினம். அதற்காகவே சொல்லுங்கள்.

ரெண்டு வருஷம் ஒழுங்கா வந்துச்சு. இப்போ தொடர்ந்து அடி. முறை கெட்டுப் போச்சா, நான் கெட்டுப் போயிட்டேனா?

பழகியவர்களிடமிருந்து வரும் கேள்வி இது, பதில் சுலபமில்லை. முதலில் நோட்டு. கடைசி இருபது வியாபாரத்தில் எழுதியபடி செய்தவை எத்தனை? பாதிக்கு மேல் மீறியிருந்தால் முறையைக் குறை சொல்ல வழியில்லை. அளவைப் பாதியாக்கி, எழுதியபடி செய்யும் பழக்கத்துக்குத் திரும்புங்கள்.

எல்லாம் எழுதியபடிதான் செய்தீர்கள் என்றால், இரண்டு வாய்ப்பு. ஒன்று, வெறும் வரிசை. பாதிக்குப் பாதி ஜெயிக்கும் முறையில்கூட, நூறு வியாபாரத்துக்குள் ஐந்து நஷ்டம் அடுத்தடுத்து வருவதற்கு 80 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அது வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது, சந்தையின் குணம் மாறியிருக்கலாம். ஏறுமுகத்தில் உச்சத்தை உடைக்கும் பங்கை வாங்கும் முறை, சந்தை ஒரே இடத்தில் ஆடும் மாதங்களில் திரும்பத் திரும்பத் தோற்கும். முறை சாகவில்லை, அதற்கான காலம் இது இல்லை. இவற்றில் எது என்று உடனே தெரியாது. தெரியும் வரை சின்ன அளவில் இருங்கள். முழுசாக நிறுத்தவும் வேண்டாம், புது முறைக்குத் தாவவும் வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. நீங்க இப்போ என்ன வெச்சிருக்கீங்க, அக்கா?

இதை மட்டும் சொல்ல மாட்டேன். கோபம் வேண்டாம். நான் பெயரைச் சொன்னால் நீங்கள் வாங்குவீர்கள். நான் எந்த விலையில் விடுவேன் என்று எழுதியிருப்பது என் நோட்டில் இருக்கும்; ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நான் விற்றுவிடுவேன், நீங்கள் அப்போது லாரியிலோ இயந்திரத்தின் முன்னாலோ இருப்பீர்கள். என் முதல் வேறு, நான் தாங்கும் நஷ்டம் வேறு. நீங்களே தேர்ந்தெடுத்த பங்கு ஒன்று, அதற்கு மேலே சொன்ன ஐந்து வரி, 1.20 பங்குக்குப் போட்ட மாதிரி யூனிட் கணக்கு, மூன்றையும் எழுதிக்கொண்டு சனிக்கிழமை மாலை வாருங்கள். உட்கார்ந்து பார்ப்போம்.